கொட்டகலையில இருந்து ஐஸ் பாக்க போன கத

குளிர்லயே பொறந்து குளிர்லயே வளந்த ஆளுங்களுக்கு எதுக்குய்யா அலாஸ்கான்னு ஊர்ல நெறைய பேர் கேட்டாங்க. ஞாயமான கேள்விதான். இலங்கை மலையகத்துல இருக்குற எங்க கொட்டகலையில ஆடி மாசம் வந்துட்டா வெயில் முகத்த பாக்குறதே அபூர்வம், கம்பளிய போத்திக்கிட்டு அடுப்படிய விட்டு நகராத ஜனம் நாங்க, இதுல காசு செலவழிச்சு இன்னும் குளிரான எடத்துக்கு போறேன்னா கேக்குறவனுக்கு சிரிப்பு வரத்தான் செய்யும். காசு எங்க காசு இல்ல, அத மொதல்லயே சொல்லிர்றேன். மகன் வன்கூவர் பக்கத்துல பர்னபியில இருக்கான், நான் பள்ளிக்கூடத்துல இருந்து ரிட்டயர் ஆனதுக்கும் அவங்க அம்மா புள்ளமடுவ வேலைய (தோட்டத்துல சின்னப்புள்ளைங்கள பாத்துக்குற வேல) விட்டதுக்கும் சேத்து அவனும் மருமகளும் குடுத்த பரிசு இது. எவ்வளவு ஆச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் வாய தொறக்கல.

கப்பல்னு சொன்னதும் வீட்டம்மா முடியவே முடியாதுன்னுட்டா. தண்ணி பயம்லாம் இல்ல. "கப்பல் ஏறுன நம்ம ஆளுங்க யாருங்க திரும்பி வந்திருக்காங்க"ன்னா. வெளியூர்க்காரங்களுக்கு இது சட்டுனு புரியாது, மலையகத்துல கொஞ்சம் வயசான யாரைக் கேட்டாலும் புரியும். 1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும், இந்தியாவுல இருந்து வந்த எங்க தோட்ட ஜனத்த ரெண்டு நாட்டுக்கும் பிரிச்சுக்க ஒப்பந்தம் போட்டாங்க, அதுக்கப்புறம் எழுபதுகள்ல குடும்பம் குடும்பமா இந்தியாவுக்கு அனுப்புனாங்க, இங்கருந்து தலைமன்னாருக்கு போன கோச்சிக்கு (ரயிலத்தான் நாங்க கோச்சிம்போம்) பேரே ஒப்பாரி கோச்சி. ஏறுனவங்களும் அழுவாங்க, பிளாட்பாரத்துல நின்னவங்களும் அழுவாங்க. தலைமன்னார்ல இராமானுஜம் கப்பல், அங்கிட்டு ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் கேம்ப். வீட்டம்மாவோட அத்தை அப்பிடித்தான் போச்சு. கையில ஒரு தகரப் பெட்டி, இடுப்புல ஒரு புள்ள, முந்தானையில கட்டி ஒரு அம்மிக் குழவி. அம்மி கனம்னு விட்டுட்டு குழவிய மட்டும் தூக்கிட்டு போச்சாம். கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்துல வேல குடுத்திருக்காங்கன்னு ஏதோ கொஞ்சம் காயிதம் வந்துச்சு, அப்புறம் அதுவும் நின்னு போச்சு.

மகன் போன்ல "அம்மா இது ஏறுன எடத்துலயே திரும்ப எறக்கி விடுற கப்பல்"னு எத்தன தடவ சொன்னான்னு தெரியாது. கடைசியில "திரும்பி வர்ற தேதி காயிதத்துல இருக்கா"ன்னு கேட்டு, அத பிரிண்ட் எடுத்து மடிச்சு ஹேண்ட்பேக்ல வச்சுக்கிட்ட பொறவுதான் சம்மதிச்சா.

விசா ரெண்டு வேணும், கப்பல் ஏறுறது கனடாவுல, அலாஸ்கா அமெரிக்கா. கனடாவுக்கு கைரேக குடுத்துட்டு காத்திருந்தோம், அமெரிக்காவுக்கு கொழும்பு போய் நேர்ல நிக்கணும். எதுக்கு போறீங்கன்னு கேட்டதுக்கு வீட்டம்மா நான் வாய தொறக்குறதுக்கு முன்னாடி "ஐஸ் பாக்க"ன்னு தமிழ்லயே சொல்லிட்டா, நான் இங்கிலீஷ்ல சொன்னேன், ஒரு மாதிரி முடிஞ்சுது.

வன்கூவர்ல கனடா பிளேஸ்னு ஒரு எடம், கூரை பூரா வெள்ளை பாய்மரமா கட்டியிருக்கு, கப்பல் ஏறுறது அங்கதான். அமெரிக்கா இமிகிரேசனையும் அங்கயே முடிச்சிர்றாங்க. நாங்க போனது வடக்க விட்டியர் வரைக்கும் போய் அதே கப்பல்ல திரும்புற மாதிரி, ரெண்டு வாரம் கிட்ட. ஜன்னல் இல்லாத உள் ரூம்தான் போட்டிருந்தான், மருமக ரொம்ப சங்கடப்பட்டுச்சு. ஆனா எனக்கென்னமோ பால்கனி ரூமுக்கு குடுக்குற காசு வீண்னுதான் படுது. ஐஸ் பாக்குற நாள்ல யாரும் ரூம்ல இருக்கப்போறதில்ல, மேல் டெக்குக்கு போனா ரெண்டு பக்கமும் தெரியும், பால்கனியில ஒரு பக்கம்தான். தூங்குறதுக்கு எதுக்கு ஜன்னல்?

கப்பல்ல பெரிய கஷ்டம்னா தேத்தண்ணிதான். மெஷின்ல வெதுவெதுன்னு ஒரு தண்ணி வரும், அதுல டீ பேக்க முக்கி வச்சுக்கிட்டு எல்லாரும் நிம்மதியா குடிக்கிறாங்க. வீட்டம்மா ஊர்ல இருந்து தேயிலை பேக்டரி தூள், நாங்க ஸ்டோர் தூள்னு சொல்றது, ஒரு பாக்கெட் கொண்டு வந்திருந்தா, நல்ல பி.ஓ.பி.எஃப் ரகம், ஆனா ரூம்ல கேத்தில் வைக்க விடமாட்டாங்க, தீப்பிடிக்கும்னு ரூல்ஸ். சாப்பாட்டு ஹால்ல ஒரு தம்பி இருந்தாரு, தூத்துக்குடிக்காரர், நாங்க பேசுறத கேட்டு "சிலோனா நீங்க"ன்னு வந்தாரு. அவர்தான் அன்னையில இருந்து காலையில பிளாஸ்க்குல கொதிக்கிற தண்ணி கொண்டாந்து குடுத்தாரு. வீட்டம்மா அவர்கிட்ட கோத்தகிரி போயிருக்கீங்களாப்பான்னு கேட்டா, அந்தப் பக்கமே போனதில்லம்மான்னுட்டாரு. சரின்னு விட்டுட்டா, ஆனா அவருக்கு ஒரு சுண்டு தூள் மடிச்சு குடுத்துட்டுத்தான் வந்தா.

கெட்சிகன்னு மொத ஊர். நல்லா செதுக்குன மரத்தூண்கள் இருக்கு, அங்கத்த பழங்குடி மக்களோடது, அத தவிர மழ. வருசத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல பெய்யுமாம், எல்லாரும் ஐயோ மழைன்னு கடைக்குள்ள ஓடுறாங்க, வட்டவளை மழைய பாத்தவங்களுக்கு அதெல்லாம் தூத்தல். கொடைய விரிச்சுக்கிட்டு நடந்தோம்.

ஜூனோவுல தான் மொதமொதல்ல ஐஸ கிட்டத்துல பாத்தோம். அலாஸ்காவுக்கு தலைநகரமே அதுதான், ஆனா வெளியூர்ல இருந்து ரோடு கெடையாது, கப்பல் இல்லன்னா பிளேன். டவுன்ல இருந்து பஸ்ல போனா மெண்டன்ஹால் கிளேசியர். கிளேசியர்னா மலைமேல உக்காந்திருக்குற ஐஸ்னு நெனச்சிக்கிட்டு இருக்குறவங்களுக்கு சொல்றேன், அது உக்காந்திருக்கல, நடக்குது. மேல வருசா வருசம் விழற பனி கரையாம ஒண்ணு மேல ஒண்ணு சேந்து, மேல் பாரத்துல அடிப்பனி இறுகி ஐஸாகி, அந்த கனத்துலயே மெதுவா பள்ளத்துக்கு வழுக்கி எறங்குது. கீழ கரையுறது மேல சேருறத விட கூடிப்போனா ஓரம் பின்னுக்கு போகும். மெண்டன்ஹால்ல 1962ல ஒரு கண்ணாடிக் கட்டடம் கட்டியிருக்காங்க, உள்ள உக்காந்து ஐஸ பாக்கட்டும்னு. இப்ப அதே கண்ணாடி வழியா பாத்தா நடுவுல பெரிய ஏரி, ஐஸ் அதுக்கு அந்தப் பக்கம் எங்கயோ இருக்கு.

ஏரிக்கரையில நடக்கும்போது ஒதுங்கிக் கெடந்த ஐஸ் கட்டி ஒண்ண வீட்டம்மா எடுத்தா. உள்ளங்கை அளவு இருக்கும். நம்ம பிரிட்ஜ் ஐஸ் நடுவுல வெள்ளையா பொகைஞ்சு இருக்கும்ல, இதுல அது இல்ல, கைரேகை தெரியுற தெளிவு. காதுகிட்ட வச்சுப் பாருங்கன்னு நீட்டுனா. உள்ள டிக் டிக்னு பொரியுற சத்தம். இறுகும்போது மாட்டிக்கிட்ட காத்து நசுங்கி கெடக்குமாம், ஐஸ் கரைய கரைய அது வெடிச்சு வெளிய வருது. கை மரத்துப்போற வரைக்கும் வச்சிருந்தா. அவ பொறந்தது கந்தப்பளை பக்கம், தை மாசம் விடியக்காலையில அங்க உறைபனி விழும், கொழுந்து மேல வெள்ளையா படிஞ்சிருக்கும், சின்னப்புள்ளைங்க அத வழிச்சு நக்கிக்கிட்டே பள்ளிக்கூடம் போகுங்களாம். வெயில் ஏறுனதும் அந்த கொழுந்து பூரா கருகிரும், அப்புறம் கொழுந்தும் இல்ல சம்பளமும் இல்லன்னு பெரியவங்க தலையில கைய வச்சுக்கிட்டு நிப்பாங்க. பனின்னா அவளுக்கு இந்த ரெண்டும் சேந்ததுதான்.

திரும்புற பஸ்ல டிரைவரம்மா ஒரு விசயம் சொன்னாங்க. மெண்டன்ஹாலுக்கு பக்கவாட்டுல சூசைட் பேசின்னு ஒரு பள்ளம். அங்க இருந்த சின்ன கிளேசியர் சுருங்கிப்போனதுல பள்ளம் காலியாகி, மழத்தண்ணியும் கரைஞ்ச தண்ணியும் அதுல தேங்குது, மெண்டன்ஹால் ஐஸ்தான் அதுக்கு அணை. தண்ணி கூடுனா ஐஸுக்கு அடியில வழி பண்ணிக்கிட்டு ஒரேயடியா ஆத்துக்குள்ள எறங்கிரும். 2011ல இருந்து இப்பிடி நடக்குது, 2023 ஆகஸ்ட்ல ஆத்தங்கரை வீடுங்க கரையோட சரிஞ்சு விழுந்துச்சு, அடுத்த வருச ஆகஸ்ட்ல இன்னும் நெறைய வீட்டுக்குள்ள தண்ணி. வீட்டம்மா மொழிபெயர்க்க சொல்லி கேட்டுட்டு "மேல தண்ணி நிக்கிதுன்னு தெரிஞ்சுமா கீழ குடியிருக்காங்க"ன்னா. நான் பதில் சொல்லல. நம்ம மலையகத்து மீரியபெத்தை தோட்டத்துல 2014 ஒக்டோபர் 29 காலையில மண் சரிஞ்சு லயத்த, தொழிலாளிங்க இருக்குற வரிசை வீடுங்கள, மூடுனப்பவும் இதே கேள்வியத்தான் வெளிய இருந்து கேட்டாங்க, தெரிஞ்சுமா அங்க இருந்தாங்கன்னு. போக எடம் குடுக்காம எச்சரிக்க மட்டும் குடுத்தா ஜனம் எங்க போகும். ஜூனோவுல அந்த பள்ளத்த கேமரா வச்சு பாக்குறாங்க, தண்ணி மட்டத்த அளக்குறாங்க, போனுக்கு மெசேஜ் வருது, அது வேற கத.

அடுத்தது ஸ்காக்வே. 1898ல தங்கம் தேடி ஜனம் அள்ளுகட்டி கெளம்புன ஊர், அந்த மலை வழியில செத்த குதிரைங்க மட்டும் 3,000ன்னு சொல்றாங்க. அந்த வருசமே கோச்சி பாதை போட ஆரம்பிச்சு 1900ல முடிச்சிட்டாங்க. 3 அடி அகல தண்டவாளம், 20 மைல்ல கிட்டத்தட்ட 2,900 அடி ஏறுது. நம்ம பாதை 1885லயே நானுஓயாவுக்கு வந்தாச்சு, அதுவும் அஞ்சரை அடி அகல தண்டவாளத்துல, இத அந்த கோச்சியில பக்கத்துல உக்காந்திருந்த அமெரிக்கர்கிட்ட கொஞ்சம் பெருமையாவே சொன்னேன். நல்ல கோச்சிதான், மரப்பெட்டி, அடுப்பு வச்சு சூடு பண்ணி வச்சிருக்காங்க, ஓரத்துல நின்னா அடிவயிறு கலங்குற பள்ளம். ஆனா இந்தியன் ரயில் மாதிரி வடை சம்சா விக்கிற ஆள் இல்ல, நம்ம கோச்சியில வர்ற கடலைக்காரரும் இல்ல, டிக்கட் விலையோ அம்மாடி.

இனி நாங்க போன காரியத்துக்கு வர்றேன்.

கிளேசியர் பே. காலையில சின்ன போட் ஒண்ணு கப்பல் ஓரமா வந்து ஒட்டுது, ஓடுற கப்பல்லயே ஏணி வழியா பார்க் ரேஞ்சருங்க ஏறுறாங்க, நாள் முழுக்க மைக்ல வெளக்கம் சொல்றது அவங்கதான். ஒரு நாளைக்கு ரெண்டு பெரிய கப்பலுக்கு மேல உள்ள விடமாட்டாங்க. 1794ல வன்கூவர்ங்குற கப்டனோட ஆளுங்க இந்த பக்கம் வந்தப்ப குடாவே இல்ல, வாசல்லயே ஐஸ் சுவர். 1879ல ஜான் மியூர்ங்குற இயற்கை ஆராய்ச்சிக்காரர் வர்றப்ப ஐஸ் 40 மைலுக்கு மேல உள்ள போயிருந்துச்சு. இப்ப 65 மைல் உள்ள போனாத்தான் ஐஸ். காலையில இருந்து மதியம் வரைக்கும் கப்பல் போயிக்கிட்டே இருந்துச்சு பாருங்க, அந்த தூரம் பூரா ஒருகாலத்துல ஐஸ் இருந்த எடம். வாசல் பக்கம் கரையில பெரிய பெரிய மரக்காடு, உள்ள போகப்போக மரம் குட்டையாகி, புதராகி, கடைசியில வெறும் பாறையும் பாசியும். எந்த எடத்துல எப்ப ஐஸ் விலகுச்சுன்னு மரத்தோட உசரமே சொல்லுது. தண்ணி கூட நெறம் மாறிருச்சு, ஐஸ் பாறைய அரைச்ச தூள் கலந்து பால் கலந்த பச்சை.

மைக்ல ரேஞ்சரோட சேந்து ஹூனா டிலிங்கிட் அம்மா ஒருத்தர் பேசுனாங்க, அந்த மண்ணுக்கு சொந்தக்கார ஜனம். கப்டனுங்க வர்றதுக்கு முன்னாடி குடா எடத்துல அவங்க கிராமம் இருந்துச்சு, 1700கள்ல ஐஸ் முன்னேறி வந்து வெரட்டிருச்சு, "நாய் ஓடுற வேகத்துல வந்துச்சு"ன்னு அவங்க பாட்டன் பூட்டன் சொல்லி வச்சிருக்காங்களாம். ஐஸ் பின்வாங்குன பொறவு திரும்பி வந்து மீன் புடிச்சு முட்டை பொறுக்கி பொழைச்சிருக்காங்க, 1925ல அரசாங்கம் அத பாதுகாக்கப்பட்ட எடம்னு அறிவிச்சு, அப்புறம் அதுக்கும் கட்டுப்பாடு. 2016லதான் பார்க்குக்குள்ள அவங்களுக்குன்னு ஒரு பெரிய வீடு கட்டி முடிச்சாங்க. வீட்டம்மா எல்லாத்தையும் கேட்டுட்டு, வீடு யாரு பேருல இருக்குன்னு கேட்டா. எனக்கு சிரிப்பு வந்துச்சு, ஆனா லயத்துல பொறந்தவ கேக்குற மொத கேள்வி அதாத்தான் இருக்கும்.

மார்ஜரி கிளேசியர் முன்னாடி கப்பல் நிக்கிது. 21 மைல் நீளம், ஒரு மைல் அகலம், தண்ணிக்கு மேல 250 அடி, தண்ணிக்குள்ள இன்னும் 100 அடி. இந்த நம்பரெல்லாம் பொருட்டே இல்ல, எதுக்க நிக்கிறப்ப தூரமே புடிபடாது, பக்கத்துல பறக்குற குருவிங்க புள்ளி புள்ளியா தெரிஞ்ச பொறவுதான் எவ்வளவு பெருசுன்னு வெளங்குது. நீலம். போட்டோவுல கலர் ஏத்திட்டாங்கன்னு நெனச்சிருந்தேன், இல்ல, நெசமாவே நீலம். இறுகுன ஐஸ் சிவப்பு வெளிச்சத்த உறிஞ்சிருது, நீலத்த மட்டும் விட்டுருது. பக்கத்துலயே கிராண்ட் பசிபிக்னு இன்னொண்ணு, அத ஐஸ்னே யாரும் சொல்லமாட்டாங்க, மேல பூரா கல்லும் மண்ணும், ரோடு போட வெட்டுன மலை கணக்கா கறுப்பா கெடக்கு.

எல்லாரும் கேமராவ தூக்கிக்கிட்டு நிக்கிறாங்க, ஒண்ணும் விழல. காத்து மூஞ்சில அறையுது, கப்பல்காரங்க பட்டாணி சூப் கொண்டாந்து குடுக்குறாங்க. அரை மணி நேரம் போல ஆயிருக்கும், பாதிப்பேர் உள்ள போயிட்டாங்க. அப்பத்தான் எடது ஓரத்துல சுவர் ஒண்ணு சத்தமே இல்லாம சரிஞ்சு எறங்குது, தண்ணி எழும்புது, அதுக்கப்புறம் தான் இடி வருது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவுல அந்த இடைவெளி இருக்கு பாருங்க, அதுலதான் எனக்கு மயிர் கூச்செறிஞ்சிருச்சு. டிலிங்கிட் ஜனம் இத வெள்ளை இடின்னு சொல்றாங்களாம். வீட்டம்மா என் ஜாக்கெட் கைய புடிச்சவ விடவே இல்ல, கப்பல் திரும்புற வரைக்கும். அவ்வளவு வருசம் குடும்பம் நடத்தியிருக்கோம், ஊருக்கு முன்னாடி அவ என் கைய புடிச்சு நான் பாத்ததில்ல.

அலாஸ்கா வளைகுடாவுல கப்பல் நல்லா ஆடுச்சு, நான் படுத்துட்டேன். பச்சை ஆப்பிள் சாப்பிட்டா வாந்தி நிக்கும்னு ரிசெப்சன்ல கூடையில வச்சிருக்காங்க, எனக்கு இஞ்சிதான் கேட்டுச்சு. வீட்டம்மாவுக்கு ஒண்ணுமே இல்ல, அட்டன் ரோட்டு பஸ்ல பின் சீட்ல உக்காந்து பழகுனவ. விட்டியர்ல எறங்கி கொஞ்சம் நடந்தோம். ஊரோட மொத்த சனம் முந்நூறு கூட இல்ல, அதுல பெரும்பாலானவங்க ஒரே 14 மாடி கட்டடத்துல இருக்காங்க, ராணுவம் கட்டிட்டு விட்டுட்டு போனது. "அட, ஊரே ஒரே லயம்"னா வீட்டம்மா. வெளிய போக ஒரே குகை, 4 கிலோமீட்டர், கோச்சியும் காரும் அதே ஒத்த வழியில மாத்தி மாத்தி போகுது. நம்ம கோச்சி போற சிங்கமலை குகை அரை கிலோமீட்டர் சொச்சம்தான், அதுக்கே சின்னப்புள்ளைல மூச்ச புடிச்சுக்கிட்டு இருப்போம்.

திரும்பும்போது ஹபர்ட் கிளேசியர். என்ன கேட்டா ரெண்டுல இதுதான் ஒசத்தி, வீட்டம்மா மார்ஜரிதாங்குறா. 122 கிலோமீட்டர் நீளம், முகப்பு மட்டும் 10 கிலோமீட்டர் கிட்ட, கண்ணுக்குள்ள அடங்காது. மத்ததுல முக்காவாசி சுருங்கிக்கிட்டு இருக்க இது நூறு வருசத்துக்கு மேல முன்னால வந்துக்கிட்டிருக்கு, மேல பனி சேருற எடம் அவ்வளவு பெருசு. 1986ல பக்கத்துல நிலத்துக்குள்ள நீண்டு போற கடல் கையோட வாய அடைச்சே போட்டுச்சு, உள்ள தண்ணி 80 அடிக்கு மேல ஏறி ஒடைச்சுக்கிட்டு வந்துச்சாம், 2002ல மறுபடியும். மெதக்குற ஐஸ் கட்டிங்க கப்பல் வயித்துல டொம் டொம்னு மோதுது. இந்த முகப்புல இருக்குற ஐஸ் மேல பனியா விழுந்து சுமார் 400 வருசம் ஆகுதுன்னு மைக்ல சொன்னாங்க. அப்ப மலைநாட்டுல தேயிலைத் தோட்டமும் இல்ல கோப்பித் தோட்டமும் இல்ல, நம்ம ஜனம் இந்தியாவுல இருந்து வந்து மன்னார்ல எறங்கி மாத்தளைக்கு நடந்ததுக்கே 200 வருசம்தான் ஆகுதுன்னு நான் சொல்ல, "அவங்க நடந்தத விட இது மெதுவா நடந்திருக்கு"ன்னா.

வன்கூவர்ல எறங்குனதும் மகன்கிட்ட அவ மொதல்ல கேட்டது, காங்கேசன்துறையில இருந்து நாகப்பட்டினத்துக்கு கப்பல் விடுறாங்களாமே, டிக்கட் எப்பிடி போடுறதுன்னுதான். 2023ல ஆரம்பிச்சது அது. அத்தை இருக்காது, அத்தையோட இடுப்புல இருந்த புள்ள இருக்கும்ல.

போக நெனைக்கிறவங்களுக்கு ரெண்டு வார்த்த. சீசன் மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும். கிளேசியர் பேக்கு எல்லா கப்பலும் போகாது, புக் பண்ணும்போது பேர பாத்து கேட்டுக்கங்க, சும்மா "கிளேசியர் பாக்கலாம்"னு போட்டிருந்தா அது வேற எதுவாவும் இருக்கலாம். மெல்லிசு மெல்லிசா மூணு நாலு உடுப்பு போட்டு மேல மழைக்கு ஒண்ணு, அது போதும், நம்ம ஊர் கம்பளிய கொண்டு போகாதீங்க, ஈரம் உறிஞ்சி கனத்துரும். கப்பல் வைபை விலை கேட்டா தலை சுத்தும், மகனே வேணாம்னுட்டான். டிப்ஸ்னு தலைக்கு தலை நாளுக்கு நாள் தானா கணக்குல ஏறும், அத முன்கூட்டியே கட்டிட்டா கடைசி நாள் பில்ல பாத்து பதறவேண்டியதில்ல. தூள் பாக்கெட் சீல் ஒடைக்காம கொண்டு போங்க, பிளாஸ்க்கும் உங்களோடதா இருக்கட்டும்.